ஸ்டாக் நிறுவனங்களுக்காகப் படத்தைப் பெரிதாக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியும் காரணமும் தீர்வும்

புகைப்படங்களைப் பெற்று உரிமத்துக்கு விற்கும் ஸ்டாக் நிறுவனங்களிலிருந்து வரும் நிராகரிப்புக் குறிப்பு ஓரிரு சொற்களுக்கு மேல் நீள்வதில்லை. ‘ஃபோகஸ் சரியில்லை’, ‘நாய்ஸ்’ (படத்தில் மணல்போல் தெரியும் வேண்டாத புள்ளிகள்), ‘தொழில்நுட்பக் குறைபாடு’ என்று வரும் அந்தக் குறிப்பை மட்டும் நம்பிப் படத்தைத் திருத்தத் தொடங்கினால், நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றாகிவிடும். ஏனெனில், ஒரே குறிப்பின் பின்னால் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். ஆகவே முதலில் படத்தை 100 சதவீத அளவில் திறந்து, மூலைகளையும் விளிம்புகளையும் வானத்தையும் நிழல் பகுதிகளையும் நிதானமாகப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் அறிகுறி எது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். திரைக்குள் அடங்கும்படி சுருக்கிப் பார்த்தால் எந்தப் படமும் நன்றாகத்தான் தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: படத்தைப் பெரிதாக்கத்தான் வேண்டுமா? ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகிய இரண்டும் புகைப்படங்களுக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவு 4 மெகாபிக்சல். அலமி நிறுவனம் கேட்பது 17 எம்பி, அதாவது ஏறக்குறைய 6 மெகாபிக்சல். அலமி ஒருகாலத்தில் 48 எம்பி கேட்டது. 2004-இல் வந்த நிக்கான் டி70 கேமராவின் படம் 3008×2000 பிக்சல். அதை 48 எம்பிக்குக் கொண்டுபோக நீளத்தையும் அகலத்தையும் தலா 1.67 மடங்கு பெருக்கி, கிட்டத்தட்ட 5023×3340 ஆக்க வேண்டியிருந்தது. பெரிதாக்குவது பற்றி இணையத்தில் இன்றும் சுற்றிவரும் அறிவுரைகளில் கணிசமானவை அந்தக் கட்டாயம் இருந்த நாட்களில் எழுதப்பட்டவை. இப்போது பெரிதாக்க நியாயமான காரணங்கள் இரண்டுதான்: படம் பழைய கேமராவிலோ பழைய கைபேசியிலோ எடுத்ததாக இருக்க வேண்டும், அல்லது பெருமளவு கிராப் செய்யப்பட்டிருக்க வேண்டும். குறைந்தபட்ச அளவை ஏற்கெனவே எட்டிய படத்தை, பெரிய அளவுக்குக் கூடுதல் பணம் கிடைக்கும் என்று எண்ணி மேலும் பெரிதாக்குவது பெரும்பாலும் நிராகரிப்பைத் தேடிப் போவதுதான்.

அறிகுறி: அளவு போதவில்லை என்று தளம் உடனேயே திருப்பி அனுப்புகிறது

இங்கே படத்தை மனிதர் எவரும் பார்க்கவில்லை. கணினி எண்ணிப் பார்த்துத் தள்ளிவிட்டது. எனவே கணக்கைச் சரிசெய்தால் போதும்.

டிபிஐ மதிப்பை 72-இலிருந்து 300-க்கு மாற்றியும் படம் ஏற்கப்படவில்லை என்றால் வியப்பதற்கு எதுவும் இல்லை. அந்த எண் அச்சிடும்போது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்களை வைப்பது என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. ஃபோட்டோஷாப்பின் ‘இமேஜ் சைஸ்’ பெட்டியில் ‘ரீசாம்பிள்’ கட்டத்தைத் தேர்வுசெய்யாமல் அதை மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது. கட்டத்தைத் தேர்வுசெய்துவிட்டு மாற்றினாலோ, நீளமும் அகலமும் நான்கு மடங்குக்கு மேல் பெருகி, யாரும் கேட்காத ஒரு பூதாகரமான படம் உருவாகிவிடும்.

‘என் கோப்பு 5 எம்பிதான் இருக்கிறது, நிறுவனம் 17 எம்பி கேட்கிறது’ என்பது அடிக்கடி எழும் இன்னொரு குழப்பம். அந்த 17 எம்பி, சுருக்கப்படாத நிலையில் படம் எடுத்துக்கொள்ளும் இடம். வட்டில் தெரியும் ஜேபெக் கோப்பின் அளவு அன்று. நீளத்தை அகலத்தால் பெருக்கி, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றால் மீண்டும் பெருக்கினால் பைட் கணக்கு வந்துவிடும். 3008×2000×3 என்பது 1,80,48,000 பைட். அதை எம்பியாக்கினால் 17.2. ஆக, அந்தப் பழைய டி70 படமே இன்று பெரிதாக்காமல் தேறிவிடும். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பைட் எடுக்கும் 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்திருந்தால் இதே எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

உண்மையிலேயே பிக்சல் குறைந்திருந்தால், தேவையான அளவுக்குச் சற்று மேலே மட்டும் போங்கள். 2048×1536 என்பது 3.1 மெகாபிக்சல். அதை 2320×1740 ஆக்கினால் 4 மெகாபிக்சலைக் கடந்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் நீள்வது 13 சதவீதம்தான். எந்த மென்பொருளைக் கொண்டு செய்தாலும் இந்த அளவு நீட்சியைக் கண்டுபிடிப்பது கடினம். அதே படத்தை ‘இருக்கட்டும்’ என்று இரண்டு மடங்காக்கினால், முடிவில் இருக்கும் பிக்சல்களில் நான்கில் மூன்று பங்கு மென்பொருள் ஊகித்துச் சேர்த்தவையாக இருக்கும்.

அறிகுறி: பொருள்களின் விளிம்பை ஒட்டி வெளுத்த கோடு ஓடுகிறது

கூரையின் விளிம்பு வானத்தைச் சந்திக்கும் இடத்தை 200 சதவீதத்தில் பாருங்கள். வானத்தின் பக்கம் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு வானத்தைவிட வெளுத்த ஒரு கோடும், கூரையின் பக்கம் கூரையைவிடக் கறுத்த ஒரு கோடும் சேர்ந்து ஓடினால், அது விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங் விட்டுச்சென்ற தடம். பெரிதாக்கிய படங்களில் பரிசீலகர்கள் எளிதில் கண்டுபிடிப்பது இதைத்தான் என்பது என் கணிப்பு. மரக்கிளை, மின்கம்பி, கட்டட விளிம்பு என்று வானத்தின் முன் நிற்கும் எதிலும் இது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காரணம் எங்கே என்று அறிய, பெரிதாக்குவதற்கு முந்தைய மூலப் படத்தில் அதே இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயே ஒரு பிக்சல் அகலத்தில் கோடு இருந்தால், கேமரா தன் ஜேபெக் படத்துக்குத் தானாகச் செய்த ஷார்ப்பனிங்கோ, ரா கோப்பை (கேமரா பதிவுசெய்த, பதப்படுத்தப்படாத கோப்பு) திறந்த மென்பொருள் முன்னிருப்பாகச் செய்த ஷார்ப்பனிங்கோதான் காரணம்; பெரிதாக்கியபோது அந்தக் கோடும் சேர்ந்து அகன்றுவிட்டது. மூலத்தில் கோடு இல்லை என்றால், பெரிதாக்கும் முறையோ அதற்குப் பின் நீங்கள் செய்த ஷார்ப்பனிங்கோ அதை உண்டாக்கியிருக்கிறது. புதிய பிக்சலை அக்கம்பக்கப் பிக்சல்களைக் கொண்டு கணிக்கும் பைகியூபிக் வகைக் கணக்குகள் இயல்பிலேயே விளிம்பில் சற்றே அத்துமீறுபவை; அவற்றில் ‘பைகியூபிக் ஷார்ப்பர்’ சிறிதாக்குவதற்கென்று வைத்திருப்பது, பெரிதாக்குவதற்கு உரியது ‘பைகியூபிக் ஸ்மூதர்’. ஜிம்ப் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு, இந்தக் கோடு வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட ‘நோஹாலோ’, ‘லோஹாலோ’ என்ற இரண்டு தேர்வுகள் இருக்கின்றன.

ரா கோப்பு கையில் இருந்தால் தீர்வு எளிது. ஷார்ப்பனிங்கைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, மீண்டும் வெளியே எடுத்து, பெரிதாக்கி, கடைசியில் மட்டும் ஒரு பிக்சலுக்கு மேற்படாத ஆரத்தில் மிக மெல்லிய ஷார்ப்பனிங் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் அதையும் விட்டுவிடலாம். படத்தை வாங்குபவர் அச்சுக்கோ திரைக்கோ தமக்கு வேண்டியபடி ஷார்ப்பனிங் செய்துகொள்வார் என்பதால், மிகையாகத் தீட்டுவதைவிடச் சற்றே மென்மையாக விடுவதே நல்லது.

ஜேபெக் மட்டுமே இருந்தால் கொஞ்சம் கைவேலை தேவைப்படும். ஓர் இடத்தை நகலெடுத்து இன்னோர் இடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப் கருவியின் முறையை ‘டார்க்கன்’ என்று மாற்றி, கோட்டுக்குச் சற்றுத் தள்ளியுள்ள தூய வானத்தை மாதிரியாக எடுத்து, விளிம்பை ஒட்டித் தடவிச் செல்லுங்கள். வானத்தைவிட வெளுத்த பிக்சல்கள் மட்டும் மாறும். கூரை ஏற்கெனவே கறுத்திருப்பதால் அதற்கு எதுவும் ஆகாது. இதைப் பெரிதாக்குவதற்கு முன்பே செய்தால், தடவ வேண்டிய கோடு ஒரு பிக்சல் அகலத்தோடு நின்றுவிடும்.

அறிகுறி: சமமான பரப்பில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிகின்றன

ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்குகிறது. சுருக்கம் அதிகமாகும்போது பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் எல்லை தெரியத் தொடங்கும். படத்தை இரண்டு மடங்காக்கினால் அந்தக் கட்டங்கள் 16×16 ஆகி எவர் கண்ணுக்கும் பட்டுவிடும். நிறத் தகவலை இன்னும் குறைவாகச் சேமிக்கும் வழக்கமும் இந்த முறைக்கு உண்டு என்பதால், சிவப்புப் பொருளின் ஓரத்தில் நிறம் வழிந்ததுபோல் தெரிவதும் இதே வகைக் கோளாறுதான்.

செயலிகள் வழியாக அனுப்பிப் பெற்ற படம், சமூக ஊடகத்திலிருந்து மீண்டும் இறக்கிய படம், பலமுறை திறந்து திறந்து ஜேபெக்காகவே சேமித்த படம் ஆகியவற்றில் இது சகஜம். மூலக் கோப்பைத் தேடி எடுப்பதைவிட நல்ல மருந்து கிடையாது. அது கிடைக்கவே கிடைக்காது என்றால், கட்டங்களை நீக்கும் வடிகட்டியைப் பெரிதாக்குவதற்கு முன்பே பயன்படுத்துங்கள்; பெரிதாக்கிய பிறகு அந்த வடிகட்டிக்குக் கட்டம் எது, உண்மையான விளிம்பு எது என்று பிரித்தறிய முடிவதில்லை. இடையில் எத்தனை முறை சேமித்தாலும் தரம் இழக்காத டிஃப் ஆகவே சேமித்து, ஜேபெக்காக மாற்றுவதை இறுதியில் ஒரே ஒரு முறை, உயர்ந்த தரத்தில் செய்யுங்கள்.

அறிகுறி: நிழல் பகுதிகளில் திட்டுத்திட்டாகத் தெரிகிறது

ஒவ்வொரு பிக்சலாகப் பிரிந்திருக்கும்போது நாய்ஸ் மணல் தூவியதுபோல் ஒரே சீராக இருக்கும். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். பெரிதாக்கியதும் ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்தோடு கலந்து திட்டாகிவிடுகிறது. திட்டை எடுக்க முயன்றால் உண்மையான நுணுக்கமும் கூடவே போய்விடும். ஆகவே நாய்ஸைக் குறைக்கும் வேலை பெரிதாக்குவதற்கு முன்னாலேயே, முடிந்தால் ரா கோப்பிலேயே, நடந்துவிட வேண்டும். அதிலும் நிற நாய்ஸை முழுமையாக நீக்கலாம்; ஒளிர்வு நாய்ஸை முழுக்கத் துடைத்தால் தோலும் சுவரும் மெழுகுபோல் ஆகிவிடும் என்பதால் ஓரளவு விட்டுவைப்பதே சரி. இருட்டில் எடுத்து, பின்பு நிழலை வலுவாகத் தூக்கி, அதற்கும் மேல் பெரிதாக்க வேண்டிய படம் என்றால், அதை அனுப்பாமல் இருப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: படம் முழுவதும் மந்தமாக, கூர்மையின்றி இருக்கிறது

எல்லா அறிகுறிகளிலும் அதிகமாக ஏமாற்றுவது இது. பெரிதாக்கியதால் வந்த மந்தமும், எடுக்கும்போதே நேர்ந்த மந்தமும் மேலோட்டமாகப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். படத்தில் எங்காவது ஓர் இடமாவது கூர்மையாக இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கண் மந்தமாகவும் காது மடல் கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. இதற்குத் தீர்வு இல்லை. சிறு ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. எந்த இடமும் விதிவிலக்கின்றி ஒரே அளவில் மந்தமாக இருந்து, படம் எஃப் 16, எஃப் 22 போன்ற சிறிய துளையில் எடுக்கப்பட்டிருந்தால், சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்ஷனின் விளைவாக இருக்கலாம். அதற்கு மிதமான ஷார்ப்பனிங் ஓரளவு கைகொடுக்கும்.

மூலப் படம் 100 சதவீதத்தில் கூர்மையாக இருந்து, பெரிதாக்கியதில் மட்டும் மந்தம் தெரிந்தால், மடங்கு அதிகமாகிவிட்டது என்று பொருள். ஒரு பக்கத்துக்கு 1.2 அல்லது 1.3 மடங்கு வரை சாதாரண பைகியூபிக் முறையே போதும் என்பேன். அதற்கு மேல் போக வேண்டியிருந்தால், அடோபி 2017 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பில் சேர்த்த ‘பிரிசர்வ் டீட்டெய்ல்ஸ் 2.0’ முறையையோ, ரா கோப்பு இருந்தால் 2021 மார்ச்சில் கேமரா ராவில் வந்த ‘சூப்பர் ரெசல்யூஷன்’ வசதியையோ பயன்படுத்திப் பார்க்கலாம். பத்துப் பத்து சதவீதமாகப் படிப்படியாகப் பெரிதாக்கும் பழைய வித்தையைப் பலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். இப்போதுள்ள முறைகளுக்கு முன்னால் அதில் தனியாக ஆதாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இந்த இடத்தில் எதிர்த்திசையையும் யோசித்துப் பார்க்க வேண்டும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் 4032×3024 அளவில் மந்தமாகத் தெரிந்தால், அதை 2400×1800 ஆகச் சிறிதாக்குங்கள். 4.3 மெகாபிக்சல் என்பது ஷட்டர்ஸ்டாக்கின் குறைந்தபட்ச அளவுக்கு மேல்தான் இருக்கிறது. மந்தமும் நாய்ஸும் பெருமளவு அடங்கிவிடும். பெரிதாக்கும் வழியைத் தேடி வருபவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

அறிகுறி: கூர்மை இருக்கிறது, ஆனால் இழைநயம் செயற்கையாக இருக்கிறது

2018-இல் டோபாஸ் நிறுவனத்தின் ‘கிகாபிக்சல்’ வந்ததிலிருந்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பெரிதாக்குவது எல்லோர் கைக்கும் எட்டிவிட்டது. இந்த மென்பொருள்கள் பிக்சல்களுக்கு இடையே சராசரி காண்பதோடு நிற்காமல், தாம் பயின்ற எண்ணற்ற படங்களின் அடிப்படையில் இங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. செங்கல், துணி, பூனையின் ரோமம் போன்றவற்றில் ஊகம் அழகாகவே பலிக்கிறது. தவறும் இடங்களோ எல்லாப் படங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: தொலைவில் இருக்கும் கூட்டத்தின் முகங்கள், பெயர்ப்பலகையின் சிறு எழுத்துகள், அடர்ந்த இலைகள், பின்னணியில் மங்கலாக இருக்க வேண்டிய பகுதி. முப்பது பிக்சல் உயரமே உள்ள ஒரு முகத்துக்கு மென்பொருள் கண்ணும் மூக்கும் வரைந்து கொடுக்கும்; ஒரு கண் மற்றதைவிடக் கீழே இருக்கும். எழுத்துகள் எந்த மொழியிலும் சேராத கிறுக்கல்களாக மாறும். இலைகள் புழு நெளிவதுபோல் ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும்.

தீர்வு, ஒரே படத்தை இரண்டு விதமாகப் பெரிதாக்குவது. செயற்கை நுண்ணறிவு தந்ததை மேல் அடுக்காகவும், சாதாரண பைகியூபிக் முறையில் அதே அளவுக்குப் பெரிதாக்கியதைக் கீழ் அடுக்காகவும் வைத்து, மேல் அடுக்கில் வேண்டாத பகுதிகளை மறைக்க உதவும் ஒரு மாஸ்க் சேர்த்து, பிழைத்த இடங்களை மென்மையான தூரிகையால் மறையுங்கள். முகமும் எழுத்தும் சற்று மங்கலாக இருப்பதில் குற்றமில்லை. தொலைவில் இருப்பது அப்படித்தான் தெரியும். மாஸ்க் போடப் பொறுமை இல்லையென்றால், மேல் அடுக்கின் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்தாலே செயற்கைத்தனம் பெருமளவு குறையும். இரண்டு மடங்காகப் பெரிதாக்கி, பிறகு தேவையான அளவுக்குச் சிறிதாக்குவதும் நல்ல வழி.

இதில் விதி சார்ந்த எச்சரிக்கை ஒன்றும் உண்டு. செய்தி, நிகழ்வு போன்ற எடிட்டோரியல் படங்களில், காட்சியில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்பது பொது விதி. மென்பொருள் வரைந்த முகம் அந்த விதியை நேரடியாக மீறுகிறது. மேலும், நாம் எழுதிக் கொடுக்கும் விவரிப்பை வைத்து நுணுக்கங்களைப் புதிதாக உருவாக்கும் கருவிகளின் விளைவு, செயற்கை நுண்ணறிவுப் படம் என்ற கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். அடோபி ஸ்டாக் அத்தகைய படங்களைத் தனியே குறித்து அனுப்பச் சொல்கிறது. ஷட்டர்ஸ்டாக் பங்களிப்பாளர்களிடமிருந்து அவற்றை ஏற்பதே இல்லை. அந்தக் கருவிகளைப் புகைப்படங்களின் பக்கம் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

அறிகுறி: ஊதா அல்லது பச்சை ஓரம், வானத்தில் கரும்புள்ளி, வானத்தில் பட்டைகள்

ஊதா ஓரம் லென்ஸின் குறை. கரும்புள்ளி சென்சாரில் படிந்த தூசு. இரண்டும் மூலப் படத்திலேயே இருந்தவை. இரண்டையும் பெரிதாக்குவதற்கு முன் ரா மென்பொருளில் நீக்கிவிடுங்கள். பட்டைகள் சற்று வேறானவை: 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளன, மெல்ல நிறம் மாறும் வானத்தைப் பெரிதாக்கி, அதன் கான்ட்ராஸ்டையும் கூட்டினால் படிகளுக்கு இடையே உள்ள எல்லை தெரிய ஆரம்பிக்கும். எல்லா வேலையையும் 16 பிட்டில் முடித்து, கடைசியில் 8 பிட்டுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகும் பட்டை தெரிந்தால், வானத்தில் மட்டும் கண்ணுக்கு எட்டாத அளவு நாய்ஸ் தூவினால் மறைந்துவிடும்.

அறிகுறி: பெரிதாக்கிய பின் கோப்பு ஏற மறுக்கிறது

உச்சவரம்பும் உண்டு என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. அடோபி ஸ்டாக் 100 மெகாபிக்சலுக்கோ 45 எம்பிக்கோ மேற்பட்ட ஜேபெக் கோப்பை ஏற்பதில்லை. 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 படத்தை ‘சூப்பர் ரெசல்யூஷன்’ இரண்டு மடங்காக்கினால் 96 மெகாபிக்சல் வருகிறது, வரம்புக்குள் தப்பிவிடும். 26 மெகாபிக்சல் கேமராவின் 6240×4160 படத்தை அதே போல் செய்தால் 103.8 மெகாபிக்சல் ஆகி வெளியே போய்விடும். ஆனால் 26 மெகாபிக்சல் படத்தை ஏன் பெரிதாக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. பிக்சல் எண்ணிக்கை சரியாக இருந்தும் நிறம் வெளிறித் தெரிந்தால், படம் அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில் இருக்கிறதா என்று பார்த்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: திருத்தி அனுப்பியும் அதே காரணத்துக்காகத் திரும்புகிறது

பெரும்பாலும் இதற்குக் காரணம், ஏற்கெனவே பெரிதாக்கிச் சேமித்த ஜேபெக் கோப்பின் மேலேயே திருத்தம் செய்ததுதான். அந்தக் கோப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, மூலத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். அறிகுறி மூலத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கேயே நீக்கி, அதன் பிறகே பெரிதாக்குங்கள். அலமியின் பரிசோதனையில் ஒரு படம் தேறவில்லை என்றால் அதனுடன் காத்திருக்கும் மற்றப் படங்களும் சேர்ந்தே திரும்பிவிடும். எனவே பெரிதாக்கிய படத்தை நல்ல படங்களோடு சேர்க்காமல் தனியாக அனுப்பி, அதன் முடிவு வந்த பிறகு அடுத்த தொகுதியை ஏற்றுங்கள்.